திடீரென்று கிடைத்த தனிமை நேரம்: கைநழுவ விடாமல் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று மணிக்கு இருந்த கூட்டம் ரத்து என்று தகவல் வருகிறது. அல்லது, வருவதாகச் சொன்னவர் வரவில்லை. அல்லது, வீட்டில் இருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்பிப் போய்விட்டார்கள். திரும்ப மாலை ஆகும். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வருகிறீர்கள். யாரும் கூப்பிடவில்லை. கேட்காமலே கையில் இரண்டு மணி நேரம்.

அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ‘முதல்ல அஞ்சு நிமிஷம் உட்காரலாம்’ என்று சாய்ந்து, போனைக் கையில் எடுப்போம். தலை நிமிரும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்.

எனக்குப் பல வருடங்கள் இப்படியே போனது. சோம்பேறித்தனம் என்று நினைத்து என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு உன்னிப்பாகக் கவனித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. திட்டமிட்ட விடுமுறைக்கு என்ன செய்வது என்பது முன்னாலேயே முடிவாகியிருக்கும். திடீர் நேரம் அப்படி வருவதில்லை. செய்யாமல் கிடக்கிற ஐம்பது வேலையும் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நிற்கும். எதை எடுப்பது என்று புரியாத அந்தத் தடுமாற்றத்தில்தான் கை போனைத் தேடுகிறது.

இன்னொன்றைப் புரிந்துகொள்ள எனக்கு மேலும் சில வருடங்கள் பிடித்தன. ‘ரெண்டு மணி நேரம் கிடைச்சிருக்கு’ என்று சொல்கிறோமே தவிர, ‘தனியாக’ என்பதைக் கவனிப்பதில்லை. நேரம் எப்படியாவது அங்கங்கே கொஞ்சம் கிடைத்துவிடும். யாரும் பார்க்காத, யாரும் குறுக்கிடாத, யாருக்கும் தொந்தரவு ஆகாத நேரம் அப்படிக் கிடைக்காது. ஆள் இருக்கும்போதும் செய்யக்கூடிய வேலைகளைக் கொண்டு அதை நிரப்பிவிட்டால், கிடைத்ததில் பாதியை இழந்துவிட்டோம். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த எண்ணத்திலிருந்து வருபவைதான்.

படி 1: நேரத்தை அளந்துகொள்ளுங்கள்

எதையும் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு நேரங்களை எழுதுங்கள்: இப்போது மணி என்ன, இந்த நேரம் எப்போது முடிகிறது. முடிவில் கிளம்ப வேண்டுமென்றால் குளிக்க, உடை மாற்ற, போய்ச் சேர ஆகும் நேரத்தைக் கழித்துவிடுங்கள். மிச்சம்தான் உங்களுக்குச் சொந்தம்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் ஒரு தனிப் படி என்று தோன்றலாம். நேரத்தைப் பற்றிய நம் உணர்வு அடிக்கடி நம்மை ஏமாற்றுகிறது என்பதுதான் காரணம். கேப்ரியலா டோனியட்டோவும் செலின் மல்கோக்கும் இன்னொருவரோடு சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் கழித்து வேறு வேலை காத்திருக்கிறது என்று தெரிந்தால், அதே ஒரு மணி நேரம் மனசுக்குச் சுருங்கித் தெரிகிறது. அதனால் மக்கள் நீளமான வேலையை ஒதுக்கிவிட்டுச் சின்ன வேலையை எடுக்கிறார்கள். மொத்தத்தில் செய்வதும் குறைகிறது. ‘நாலு மணிக்குப் போகணும், இப்ப எதை ஆரம்பிக்கிறது’ என்று இரண்டே கால் மணிக்கே சும்மா உட்கார்ந்துவிடுவது இதனால்தான். கிளம்ப ஆகும் பத்து நிமிடத்தைக் கழித்துத் தாளில் ‘95 நிமிடம்’ என்று எழுதிவிட்டால் சுருக்கம் விலகிவிடும். 95 நிமிடம் என்பது ஒரு முழுத் திரைப்படத்தின் நீளம்.

எழுதியதும், முடிவு நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாக ஓர் அலாரம் வையுங்கள். கடிகாரத்தைக் கவனிக்கிற பொறுப்பை அதனிடம் விட்டுவிட்டால், வேலையின் நடுவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கத் தோன்றாது.

படி 2: உடம்பிடம் கேளுங்கள்

பயனுள்ளதாகச் செலவிட வேண்டும் என்ற ஆர்வத்தில் பலர் தவறுவது இந்த இடத்தில். களைத்துப்போன உடம்போடு பெரிய வேலையில் இறங்கி, இருபது நிமிடத்தில் கைவிட்டு, குற்ற உணர்வோடு போனுக்குத் திரும்புவார்கள். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? கண் எரிகிறதா? ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறீர்களா? அப்படியானால் இன்றைக்குப் பயனுள்ள வேலை தூக்கம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் தூங்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்து முதல் இருபது நிமிடக் குட்டித்தூக்கம் தெளிவைத் தரும். முக்கால் மணி, ஒரு மணி என்று நீண்டால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழ நேரலாம். எழுந்த பிறகும் வெகுநேரம் தலை மந்தமாக இருக்கும். நீண்ட தூரம் பறக்கும் விமானிகளிடம் நாசா நடத்திய ஆய்வில் அவர்கள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம். அதற்கே அவர்களுடைய விழிப்பும் செயல்திறனும் நன்றாகத் தேறின. படுக்கும்போது 25 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். தூக்கம் பிடிக்கும் நேரமும் அதற்குள் அடங்கிவிடும். மாலை சாய்ந்துவிட்டதென்றால் வேண்டாம், இரவுத் தூக்கம் கெடும்.

களைப்பு இல்லை, ஆனால் மனசு படபடப்பாக இருக்கிறது என்றால் வேறு வழி. பதினைந்து நிமிடம் எதுவும் செய்யாமல் தனியாக உட்காருங்கள். தனிமை உணர்ச்சிகளை என்ன செய்கிறது என்று துய்-வி நுயென், ரிச்சர்ட் ரயன், எட்வர்ட் டெசி மூவரும் 2018-இல் எழுதிய ஆய்வில், பதினைந்து நிமிடத் தனிமை கோபம், பதற்றம் போன்ற உச்ச உணர்ச்சிகளைத் தணிப்பதைக் கண்டார்கள். உற்சாகமும் கூடவே தணிந்தது. கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி வைப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

சும்மா உட்காருவது எளிது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். உளவியலாளர் திமத்தி வில்சனின் குழு 2014-இல் ஆட்களை ஓர் அறையில் பதினைந்து நிமிடம் தங்கள் எண்ணங்களோடு மட்டும் இருக்கச் சொன்னது. விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தி இலேசான மின்னதிர்ச்சி வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதியும் இருந்தது. 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அழுத்திவிட்டார்கள். முதல் ஐந்து நிமிடம் கை துறுதுறுத்தால் உங்களிடம் ஏதோ குறை என்று நினைக்காதீர்கள். எல்லோருக்கும் அப்படித்தான்.

படி 3: தலையில் இருப்பதைத் தாளில் இறக்குங்கள்

ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவினால், மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் இதற்குக் ‘கவன எச்சம்’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். கூட்டம் ரத்தானாலும், அந்தக் கூட்டத்துக்காகத் தயார் செய்த சங்கதிகள் தலையில் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

ஐந்து நிமிடம் எடுத்து, மனசை அரிக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடுத்து என்ன செய்வது, எப்போது செய்வது என்று ஒரு வரி. ‘வங்கிக்குப் பேச வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘நாளை காலை பத்தரைக்குப் பேசுவேன்’ என்று எழுதுங்கள். முடியாத வேலைகள் மனசுக்குள் வந்து நச்சரிப்பதை நிறுத்த அவற்றை முடித்தாக வேண்டியதில்லை, உறுதியான திட்டம் ஒன்று இருந்தாலே போதும் என்று உளவியலாளர்கள் மசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் காட்டினார்கள். என் அனுபவத்தில் இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்த நாளெல்லாம் அரை மணி நேரம் வீணாகியிருக்கிறது.

படி 4: தனிமையில் மட்டும் முடிகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான், கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, மெயிலுக்குப் பதில் எழுதுவது எல்லாம் நல்ல வேலைகள்தான். ஆனால் வீட்டில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போதும் அவற்றைச் செய்யலாம். அரிய நேரத்தை அவற்றுக்குக் கொடுக்காதீர்கள். ‘யாராவது பக்கத்தில் இருந்தால் இதைச் செய்ய முடியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்று பதில் வருகிற வேலைதான் இந்த நேரத்துக்கு உரியது.

முதலில், சத்தம் போட வேண்டிய வேலைகள். பாட்டோ இசைக்கருவியோ கற்றுக்கொள்பவர்கள் அக்கம்பக்கத்துக்குக் கூச்சப்பட்டே பாதி சத்தத்தில் பயிற்சி செய்வார்கள். இன்றைக்கு முழுக் குரலில் பாடலாம். தெரிந்த பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து மகிழ்வது ஒரு வகை. முன்னேற்றம் வேண்டுமென்றால், எப்போதும் தடுக்கி விழுகிற அந்த இரண்டு வரியை மட்டும் எடுத்து, பாதி வேகத்தில் இருபது முறை வாசியுங்கள். புது மொழி கற்பவர்கள் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் போனில் பதிவு செய்து கேட்கலாம். மேடையில் பேச வேண்டியவர்கள் நின்றுகொண்டு, கையை அசைத்து, முழுப் பேச்சையும் ஒருமுறை பேசிப் பார்க்கலாம். மனசுக்குள் ஒத்திகை பார்ப்பதற்கும் வாயால் சொல்லிப் பார்ப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று முதல் முறையே தெரிந்துவிடும்.

அடுத்து, பரப்பி வைக்க வேண்டிய வேலைகள். சான்றிதழ்கள், காப்பீட்டுப் பத்திரங்கள், மருத்துவ அறிக்கைகள், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் தரையில் பரப்பினால்தான் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரியும். ஆட்கள் நடமாடும் வீட்டில் அது நடக்காது. பிரித்து, ஒவ்வொன்றும் எந்த உறையில் இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, மேலே வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் ஓர் அவசரம் வந்தால் வீட்டிலிருப்பவர்கள் அந்த ஒரு தாளைப் பார்த்தே எல்லாவற்றையும் எடுக்க முடிய வேண்டும். கணக்குகளிலும் காப்பீடுகளிலும் நாமினியாக (உங்களுக்குப் பின் பணத்தைப் பெறுபவராக) யார் பெயர் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பல வருடத்துக்கு முன் எழுதிய பெயர் இன்றைய நிலைக்குப் பொருந்தாமல் இருப்பது சாதாரணம்.

போனில் சேர்ந்து கிடக்கும் படங்களும் இந்த வகைதான். எல்லாப் படங்களையும் பார்க்க ஆரம்பித்தால் பழைய நினைவுகளில் நேரம் கரைந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டுகள், வாட்ஸ்அப்பில் வந்த வாழ்த்துப் படங்கள், ஒரே காட்சியின் ஐந்து பிரதிகள் என்ற மூன்று இடத்தில் மட்டும் கை வையுங்கள். முக்கியமான படங்களுக்கு 3-2-1 என்ற விதியைப் பின்பற்றுங்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. போன் ஒன்று, ஹார்டு டிஸ்க் ஒன்று, இணையச் சேமிப்பு ஒன்று என்றாலே விதி நிறைவேறிவிடும்.

கடவுச்சொற்களை மாற்றுவது ஆள் இல்லாதபோது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. வரிசை முக்கியம். முதலில் உங்கள் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றும் வழி அதன் வாயிலாகத்தான் போகிறது. அடுத்து வங்கி. இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் ஏற்பாட்டை) இயக்கிவிடுங்கள். நேரம் மிஞ்சினால் மற்றவை.

மூன்றாவது வகையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அது மனசு திறக்கிற வேலைகள். வெகுநாளாகப் பேசாத ஒருவரிடம் மனம்விட்டுப் பேச அடுத்த அறையில் ஆள் இருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டிய கடிதம் ஒன்று பலரிடம் பாக்கி இருக்கும். இறந்துபோனவரின் பொருள்களை எடுத்துப் பார்க்கிற தைரியம் சிலருக்குத் தனியாக இருக்கும்போதுதான் வரும். அழுகை வந்தால் அழலாம். இதை யாரும் ‘பயனுள்ள’ பட்டியலில் சேர்ப்பதில்லை. எனக்கோ, அப்படிப் போன ஒரு மதியம் பல மாத வேலையைவிடப் பெரியதாக நினைவில் நிற்கிறது. என் தந்தையின் பழைய கைக்கடிகாரத்தையும் அவர் எழுதிய கணக்கு நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த மதியம் அது. அன்று எதையும் அடுக்கவில்லை, எதையும் முடிக்கவில்லை.

கடைசியாக, கவனம் சிதறாமல் படிக்கிற, எழுதுகிற வேலை. கடினமான புத்தகத்தை எடுத்தால் ஒரு சின்ன முறையைக் கடைப்பிடியுங்கள். ஒரு பகுதியைப் படியுங்கள், மூடுங்கள், நினைவில் நிற்பதைப் பார்க்காமல் எழுதுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். எழுதும்போது ‘ஒண்ணும் ஞாபகமில்லையே’ என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடு முயல்வதில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது.

படி 5: அளவுக்கேற்ற பாத்திரம்

வகை தெரிந்தது. கிடைத்த நேரத்துக்குள் அடங்குகிற துண்டை வெட்டி எடுக்க வேண்டும்.

அரை மணிக்குள் என்றால் ஒரே இழுப்பறை, ஒரே தொலைபேசி அழைப்பு, ஒரு நடை, ஒரு குட்டித்தூக்கம். புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.

ஒன்று முதல் இரண்டு மணி நேரம் என்பது ஒரு வேலைக்கான நேரம். ஒன்றுக்கு மட்டும். நான் ஒருமுறை இரண்டு மணி நேரத்தில் அலமாரி முழுவதையும் காலி செய்து அடுக்கிவிடலாம் என்று இறங்கினேன். எல்லோரும் திரும்பி வந்தபோது அறை முழுக்கத் துணி மலையாகக் கிடந்தது. இரவு படுக்க இடமில்லாமல் அப்படியே உள்ளே திணிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: ஒரு வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று தோன்றுகிறதோ அதை ஒன்றரையால் பெருக்குவேன். அடங்கினால் எடுப்பேன். அடங்காவிட்டால் அலமாரியில் ஒரு தட்டு மட்டும்.

அரைநாள் கிடைத்தால் வெளியே போவதைப் பற்றி யோசியுங்கள். கண்காட்சி, நூலகம், பூங்கா, திரையரங்கு என்று எதுவாகவும் இருக்கலாம். ‘தனியா போய் என்ன பண்றது’ என்ற தயக்கம் தடுக்கும். ரெபேக்கா ராட்னரும் ரெபேக்கா ஹாமில்டனும் 2015-இல் செய்த ஆய்வு இந்தத் தயக்கத்தைப் பற்றியதுதான். தனியாகப் போனால் அவ்வளவாக ரசிக்க முடியாது என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள். போய் வந்த பிறகு கேட்டால், துணையோடு போனவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே ரசித்திருக்கிறார்கள்.

படி 6: முதல் அசைவை முடிவு செய்து இறங்குங்கள்

தேர்ந்தெடுத்த பிறகும் ஒரு வழுக்குமரம் இருக்கிறது. ‘படிக்கணும்’ என்று முடிவு செய்வதற்கும் புத்தகம் கையில் இருப்பதற்கும் நடுவே எத்தனையோ நடக்கும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு எளிய வழி சொன்னார்: நோக்கத்தோடு நிற்காமல், ‘இது நடந்தால், நான் இதைச் செய்வேன்’ என்ற வடிவில் முடிவெடுப்பது. ‘தண்ணீர் குடித்து முடித்ததும், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து 40-ஆம் பக்கத்தைத் திறப்பேன்.’ இடமும் செய்கையும் இப்படி உறுதியாகிவிட்டால் அந்தக் கணத்தில் யோசிக்க எதுவும் மிஞ்சாது.

போனை அமைதியாக்கினால் மட்டும் போதாது. வேறு அறையில், ஏதாவது ஒன்றுக்குள் வையுங்கள். அவசர அழைப்பு வரலாம் என்று கவலை இருந்தால் மணி ஒலிக்கட்டும், இணையத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். நேரம் பார்க்கப் போனை எடுக்காமல் இருக்க, ஒரு சாதாரணக் கடிகாரம் அருகில் இருக்கட்டும்.

ஆரம்பிக்கக் கால் எழவில்லை என்றால் 25 நிமிடத்துக்கு மட்டும் டைமர் வையுங்கள். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்து உருவாக்கிய பொமொதோரோ முறை அது. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு. ஆனால் வேலை சூடுபிடித்துவிட்டால் டைமர் அடிக்கிறதே என்று எழுந்திருக்காதீர்கள்.

எழுத்து, வடிவமைப்பு, தீராத சிக்கல் போன்றவற்றில் நடுவே முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் எழுந்து நடங்கள். மரிலி ஓப்பெசோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட சோதனைகளில், உட்கார்ந்திருந்தவர்களைவிட நடந்தவர்களுக்குப் புது யோசனைகள் கூடுதலாகத் தோன்றின. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அதே பலன். ஆகவே அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடப்பதும் நடைதான். கையில் போன் மட்டும் வேண்டாம்.

மகிழ்ச்சிக்கு மட்டும் செலவிடலாமா?

தாராளமாக. எதிர்பாராமல் நேரம் கிடைத்தால் மனிதர்கள் அதை வேலையைவிட மகிழ்ச்சிக்கே செலவிட விரும்புகிறார்கள் என்று நுகர்வோர் ஆய்வுகளும் சொல்கின்றன. திடீர்ப் பணம் கைக்கு வந்தால் ஆசைப்பட்டதை வாங்குவது போலத்தான். அதில் தப்பு ஒன்றுமில்லை. என் வேண்டுகோள், அந்த மகிழ்ச்சியையும் நீங்களே தேர்ந்தெடுங்கள் என்பது. பார்க்க ஆசைப்பட்டுத் தள்ளிப்போட்ட படத்தை விளக்கணைத்து முழுமையாகப் பார்ப்பதும், யாரோ அனுப்பிய முப்பது துண்டு வீடியோக்களில் இரண்டு மணி நேரம் போவதும் ஒன்றல்ல. முதலாவது நாளைக்கு நினைவில் இருக்கும்.

படி 1-இல் சொன்ன டோனியட்டோவும் மல்கோக்கும் 2016-இல் கண்ட இன்னொரு விஷயம் இங்கே உதவும். பொழுதுபோக்குக்கு மணிக்கணக்காக அட்டவணை போட்டால் அதுவும் வேலை போலாகி ருசி குறைகிறது. ‘மதியத்துக்கு மேல் படம்’ என்று தளர்வாக வைத்தால் அந்தக் குறை இல்லை. எனவே வேலைக்கு நிமிடக் கணக்கு, மகிழ்ச்சிக்குத் தோராயக் கணக்கு.

நாள்கணக்கில் நீண்டால்

சில நேரம் ஒரு நாள், ஒரு வாரம் என்று தனிமை நீளும். பயணம் ரத்தாகலாம், உடன் இருப்பவர் வெளியூர் போயிருக்கலாம். நேரம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மரிசா ஷரீஃப், கேஸி மோகில்னர், ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் மூவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த ஓய்வு நேரம் நலத்தைக் குறைத்தது போலவே, ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓய்வும் குறைத்தது. அர்த்தமுள்ள காரியங்களில் செலவானால் அந்தக் குறைவு பெரும்பாலும் மறைந்துவிட்டது.

அத்தகைய நாளுக்கு முழு அட்டவணை வேண்டாம், மூன்று முளை அடித்தால் போதும். எழும் நேரம் மாறக் கூடாது. பகல் வெளிச்சத்தில் ஒருமுறையாவது வெளியே போக வேண்டும். ஒரு மனிதரிடமாவது குரல் கொடுத்துப் பேச வேண்டும். நடுவே இருக்கும் நேரம் எப்படி வேண்டுமானாலும் ஓடட்டும்.

நேரம் வந்த விதமும் முக்கியம். வேலை போனதால், உறவு முறிந்ததால், நோயால் கிடைத்த தனிமையைப் ‘பயனுள்ளதாக்க’ வேண்டும் என்று உங்களை விரட்டாதீர்கள். அந்த நாள்களில் மூன்று முளையும் நின்றாலே பெரிய விஷயம். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனசு ஒட்டாமல் இருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள்.

படி 7: கடைசிப் பத்து நிமிடம்

அலாரம் அடித்துவிட்டது. வேலை முடியவில்லை. இன்னும் கொஞ்சம் என்று நீட்டாமல், எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று ஒரு வரி எழுதி, வேலையின் மேலேயே வையுங்கள். புத்தகமென்றால் அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டு. கணினியென்றால் ஃபைலின் முதல் வரியில். பத்திரங்களென்றால் பிரித்தவை ஒரு பையில், பிரிக்காதவை இன்னொரு பையில். அடுத்த திடீர் நேரம் மூன்று வாரம் கழித்து வந்தாலும், எங்கே விட்டோம் என்று தேடிப் பாதி நேரத்தை இழக்க மாட்டீர்கள்.

படி 8: அடுத்த முறைக்கான கையிருப்பு

இந்த வழிகாட்டியைப் படித்துக்கொண்டிருக்கும் நேரமே உங்களுக்குத் திடீரென்று கிடைத்ததாக இருந்தால், மிச்சமிருக்கும் நிமிடங்களில் இதைச் செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள்: அரை மணி, இரண்டு மணி, அரைநாள். ஒவ்வொன்றிலும் மூன்று வேலைகளுக்கு மேல் வேண்டாம். இருபது எழுதினால் மறுபடியும் தேர்ந்தெடுக்கும் தடுமாற்றம் வந்துவிடும். மூன்றில் ஒன்றாவது வெறும் மகிழ்ச்சிக்கானதாக இருக்கட்டும்.

எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். ‘ஆங்கிலம் மேம்படுத்துதல்’, ‘வீட்டைச் சீராக்குதல்’ என்றெல்லாம் எழுதினால் அந்த நேரம் வரும்போது திகைத்து நிற்பீர்கள். உடம்பு செய்யும் முதல் அசைவை எழுதுங்கள். ‘மேசையின் இடது இழுப்பறையைக் கட்டிலில் கொட்டுவது.’ ‘பாட்டு நோட்டில் மூன்றாவது பக்கத்தை நின்றபடி பாடுவது.’ ‘அக்காவுக்குப் போன் செய்து, அன்று பேசாமல் விட்டதைப் பேசுவது.’ பக்கத்திலேயே தேவையான பொருள் எங்கே இருக்கிறது என்றும் குறியுங்கள். வயலினில் தந்தி அறுந்திருந்தால், பேனாவில் மை இல்லையென்றால், அதை இந்த வாரமே வாங்கி வைத்துவிடுங்கள்.

பட்டியலைப் போனில் வைக்க வேண்டாம். அதைப் பார்க்கத் திறக்கிற கை வேறு எங்கோ போய்விடும். நான் என்னுடையதைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும்போது கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில்.